கிருபையும் கணக்கும்: அமெரிக்க விசுவாசக் காதல் நாவலிலும் கிறித்தவத் துப்பறியும் கதையிலும் மன்னிப்பின் இடம்

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்கக் கிறித்தவப் பதிப்பகங்கள் வெளியிடும் ‘இன்ஸ்பிரேஷனல்’ காதல் நாவல்கள் வெகுசன வாசிப்பில் நிலைபெற்ற ஒரு வகைமையாகும். பெருங்குற்றத்தில் பங்கேற்ற நாயகன் மனந்திரும்பி, மன்னிப்பும் மணமும் பெறுகின்ற கதையமைப்பு 2015, 2021 ஆகிய ஆண்டுகளில் கடும் விவாதத்துக்கு உள்ளாயிற்று. அவ்விவாதங்களில் ஆசிரியர்களின் கவனக்குறைவும் சமயச் சார்பும் குறைகூறப்பட்டன. சிக்கலின் வேர் காதல் நாவலின் வடிவத்திலேயே உள்ளது என்பதும், அதே சமயத்திலிருந்து எழுந்த துப்பறியும் கதை அதனை வேறு வகையில் எதிர்கொண்டது என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும். ஜேனெட் ஓக், ஃபிரான்சின் ரிவர்ஸ், கேட் பிரெஸ்லின், கேரன் வைட்மையர், டீ ஹெண்டர்சன் ஆகியோரின் நாவல்களும் ஜி. கே. செஸ்டர்டனின் சிறுகதைகள் மூன்றும் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன.

திறவுச்சொற்கள்: விசுவாசக் காதல் நாவல், வெகுசன வாசிப்பு, மனந்திரும்புதல், மன்னிப்பு, துப்பறியும் கதை, வகைமைக் கோட்பாடு

முன்னுரை

வெகுசன நாவலை ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்வோர் இன்றும் ஒரு சமாதானம் சொல்லியே தொடங்க வேண்டியிருக்கிறது. ரமணிசந்திரனையும் ராஜேஷ்குமாரையும் வாசித்து வளர்ந்தோரின் திரள் பெரிது. அவ்வாசிப்பைக் குறித்து நம் துறைகளில் எழுதப்பட்ட பக்கங்கள் குறைவு. கிறித்தவ வெகுசன நாவலின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. இலக்கியத் துறையார் அதனைப் பிரசங்கம் என்று ஒதுக்குவர். இறையியலார் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவர். இருசாராரும் ஒதுக்கிய பிறகும் அது இலட்சக்கணக்கில் விற்கிறது, வாசிக்கவும் படுகிறது.

‘இன்ஸ்பிரேஷனல்’ என்பது பதிப்பகங்கள் இட்ட பெயர். இக்கட்டுரையில் ‘விசுவாசக் காதல் நாவல்’ என்னும் தொடர் அதற்கு ஈடாக ஆளப்படுகிறது. தமிழ்ச் சீர்திருத்தச் சபைகளின் பேச்சில் ‘விசுவாசம்’ என்னும் சொல் சுமக்கும் பொருளே இங்கும் பொருந்துகிறது. படுக்கையறைக் காட்சியும் வசைச்சொல்லும் இதில் இடம்பெறா. நாயகன், நாயகி ஆகியோரின் இறைநம்பிக்கை கதைக்குப் பின்புலமாக நின்றுவிடாமல் கதையை நகர்த்தும் விசையாகச் செயற்படும். கிரேஸ் லிவிங்ஸ்டன் ஹில் (1865–1947) இதற்கு முன்னோடி எனலாம். இன்றைய வடிவத்தின் தொடக்கமாகக் கொள்ளத்தக்கது, கனடிய எழுத்தாளர் ஜேனெட் ஓக் எழுதி மினசோட்டாவின் பெத்தனி ஹவுஸ் 1979இல் வெளியிட்ட ‘லவ் கம்ஸ் சாஃப்ட்லி’ நாவலாகும். சந்தை விரிந்தபோது பொதுப் பதிப்பகங்களும் நுழைந்தன. ஹார்லெகுவின் நிறுவனம் 1997இல் ஸ்டீப்பிள் ஹில் என்னும் பிரிவின் வழியே ‘லவ் இன்ஸ்பயர்டு’ வரிசையைத் தொடங்கியது. 2005இல் அதனுடன் மர்ம நாவல் வரிசையொன்றும் சேர்ந்தது. காதலும் குற்றமும் ஒரே அட்டைக்குள் வந்து சேர்ந்தமை, பின்னர்க் காணவிருப்பதுபோல, இவ்வாய்வுக்கு முக்கியமான செய்தியாகும்.

இத்துறையின் முன்னாய்வுகள் வாசகியை மையமாகக் கொண்டவை. ஜானிஸ் ராட்வேயின் ‘ரீடிங் தி ரொமான்ஸ்’ (1984), அமெரிக்க நடுமேற்கு நகரொன்றின் காதல் நாவல் வாசகியரை நேரில் கண்டு பேசி எழுதப்பட்டது. குடும்பப் பணிகளுக்கிடையே ஒரு பெண் தனக்கென ஒதுக்கிக்கொள்ளும் நேரமாக அவர் வாசிப்பைக் கண்டார். லின் எஸ். நீல் தம் ‘ரொமான்சிங் காட்’ (2006) நூலில் அவ்வணுகுமுறையைச் சுவிசேஷக் கிறித்தவப் பெண்களிடம் கொண்டுசென்று, அவர்களுக்கு இந்நாவல் வாசிப்பு பக்தி வாழ்வின் ஒரு பகுதியாகவே இருப்பதைக் காட்டினார். டேனியல் சில்லிமனின் ‘ரீடிங் இவாஞ்சலிக்கல்ஸ்’ (2021) ஐந்து நாவல்களின் வழியே அச்சமூகத்தின் கற்பனை உருவான விதத்தை விவரிக்கிறது. வாசகியை ஏமாளியாகக் கருதிய பழைய திறனாய்வுக்கு இந்நூல்கள் நல்ல மறுமொழி. ஆயினும், வாசகியைக் காக்கும் முனைப்பில், நாவலின் வடிவத்தை நோக்கி எழுப்ப வேண்டிய கேள்விகள் சற்றுப் பின்தங்கிவிட்டன என்றே தோன்றுகிறது. வாசகியை மதிப்பது என்பது அவர் கையிலுள்ள நூலைக் கண்டிப்புடன் வாசிப்பதையும் உள்ளடக்கியதாகும்.

தடை எங்கே இருக்கிறது?

காதல் நாவலின் இன்றியமையாக் கூறுகள் எட்டு என்பது பமேலா ரெஜிஸின் (2003) வரையறை. அவற்றுள் நமக்கு வேண்டியவை இரண்டு: காதலரைப் பிரித்து நிறுத்தும் ‘தடை’, அத்தடையை நீக்கும் ‘அறிதல்’. பொதுவான காதல் நாவலில் தடை செல்வமாகவோ குலமாகவோ செருக்காகவோ அமையும். விசுவாசக் காதல் நாவலில் இவையெல்லாம் மேற்பரப்பில் இருக்கும். உண்மையான தடை ஒருவருக்கும் கடவுளுக்கும் இடையே இருக்கும். அது நீங்கினாலன்றி மணமில்லை. நாயக–நாயகி பாவத்தில் பழகிய தமிழ் வாசகர் இங்குச் சற்றுத் தடுமாறக்கூடும். ஆண்டாளுக்கும் நம்மாழ்வாரின் தலைவிக்கும் இறைவனே காதலன். இந்நாவல்களில் இறைவன் காதலன் அல்லன். காதலுக்கு இசைவு தருபவன்.

ஓக்கின் நாவல் இவ்வமைப்பின் மிக எளிய வடிவம். மேற்கு நோக்கிப் பயணப்பட்ட மார்ட்டி என்னும் இளம்பெண் விபத்தொன்றில் கணவனை இழக்கிறாள், அவள் கருவுற்றிருக்கிறாள். மனைவியை இழந்து ஒரு சிறுமியுடன் வாழும் கிளார்க் டேவிஸ், குழந்தைக்குத் தாய் வேண்டும் என்பதற்காக அவளை மணந்துகொள்ள முன்வருகிறான். விரும்பினால் வசந்த காலத்தில் கிழக்கே செல்லும் வண்டித் தொடரோடு அவள் திரும்பிப் போகலாம் என்பது உடன்பாடு. அடுப்பு, துணி, கோழி, குழந்தையின் பிடிவாதம் என்று நாள்கள் நகர்கின்றன. அவனுடைய இறைவேண்டலைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு அவனுடைய கடவுள் அறிமுகமாகிறார். பிறகு அவனே அறிமுகமாகிறான். வில்லன் என ஒருவர் இல்லாமலே ஒரு நாவல் முழுமையும் ஓடிவிடுகிறது. இக்கதையில் இழப்பு உண்டு. அதனை இழைத்தவர் எவரும் இல்லை. எனவே மன்னிப்பு என்னும் கேள்வி எழவேண்டிய தேவையும் இல்லை. மார்ட்டி சமாதானம் செய்துகொள்ள வேண்டியது விதியுடன் மட்டுமே.

அப்புல்வெளியில் இவர்களுக்கு முன்னர் வாழ்ந்தோர் யார் என்னும் கேள்வியும் நாவலில் எழுவதில்லை. நிலம் வெறுமையாகக் கிடந்தது, குடியேறியோர் உழுதனர் என்னும் நம்பிக்கையின் மீதுதான் ஓக்கின் அமைதி நிற்கிறது. இதனை ஓக்கின் தனிப்பட்ட குறையாகக் கூறுவதற்கில்லை. அமெரிக்க எல்லைப்புற நாவல்கள் பலவற்றுக்கும் இது பொருந்தும். ஆனால் 41 ஆண்டுகளுக்குப் பின் அதே பதிப்பகத்திலிருந்து வந்த மற்றொரு நாவலில் அம்மக்கள் முதற்பக்கங்களிலேயே வந்து நின்றபோது, வகைமையிடம் அவர்களுக்கு அளிக்க இடமில்லாமற் போனதற்கான விதை இங்கே கிடக்கிறது.

ஃபிரான்சின் ரிவர்ஸின் ‘ரிடீமிங் லவ்’ கடினமான களத்தைத் தேர்ந்துகொண்டது. பாண்டம் நிறுவனம் 1991இல் பொதுச் சந்தைக்கு வெளியிட்ட இந்நாவல், திருத்தப்பட்டு 1997இல் மல்ட்னோமா என்னும் கிறித்தவப் பதிப்பகத்திலிருந்து மீண்டும் வந்தது, 2022இல் திரைப்படமாயிற்று. ஓசியா இறைவாக்கினரின் கதை கலிபோர்னியாவின் தங்க வேட்டைக் காலத்துக்கு மாற்றப்பட்டுள்ளது. சிறுவயதிலேயே பாலியல் தொழிலுக்கு விற்கப்பட்ட ஏஞ்சலை, மைக்கேல் ஓசியா என்னும் உழவன் மணக்கிறான். அவள் மீண்டும் மீண்டும் அவனை விட்டுச் செல்கிறாள். இங்குத் தீங்கு உண்டு, இழைத்தவர் உண்டு, அதனைச் சுமந்தவள் கதையின் நடுவிலேயே நிற்கிறாள்.

இந்நாவலில் மிக நுட்பமாக அமைந்தது மைக்கேலின் பொறுமையன்று; பாலின் கதையே. மைக்கேலின் இறந்துபோன தங்கையின் கணவன் பால். ஏஞ்சலை வெறுப்பவன். அவள் நகருக்குத் திரும்ப வண்டியில் இடம் கேட்கும்போது அதற்குக் கூலியாக அவள் உடலையே பெற்றுக்கொள்கிறான். ஆண்டுகள் கழிந்தபின் அவன் அவளைத் தேடிச் சென்று, அவள் முன் நின்று, அவளிடமே மன்னிப்புக் கேட்கிறான். கடவுளிடம் கேட்டாயிற்று, மைக்கேலிடம் சொல்லியாயிற்று என்று அவன் நின்றுவிடுவதில்லை. தீங்குற்றவள் அவள், எனவே கேட்கப்பட வேண்டியவளும் அவளே. விசுவாசக் காதல் நாவலால் மன்னிப்பை நேர்மையுடன் எழுத முடியும் என்பதற்கு இக்காட்சியே சான்று. அது முடிந்ததற்குக் காரணம், தீங்குற்றவள் கதைநாயகியாக இருந்தமையே. அவள் நாவலுக்கு வெளியே நின்றிருந்தால் என்ன நேரும்? இதற்கான விடையை அடுத்த இரு நாவல்களில் காணலாம்.

எஸ்தரின் அரசனும் முகாமின் தளபதியும்

கேட் பிரெஸ்லினின் ‘ஃபார் சச் எ டைம்’ 2014இல் பெத்தனி ஹவுஸ் வெளியீடாக வந்தது. 1944ஆம் ஆண்டு. துப்பாக்கிப் படையிடமிருந்து தப்புவிக்கப்பட்ட ஹதாசா பெஞ்சமின் என்னும் யூதப் பெண், தெரேசியன்ஸ்டாட் முகாமின் எஸ்.எஸ். தளபதி ஆரிக் ஃபான் ஷ்மிட்டிடம் வேறு பெயரில் பணிபுரிகிறாள். இருவருக்கும் காதல் அரும்புகிறது. தளபதியின் மனம் மாறுகிறது. அமெரிக்கக் காதல் நாவலாசிரியர் சங்கத்தின் ரீட்டா விருதுக்கு இந்நாவல் 2015இல் இரு பிரிவுகளில் இறுதிப்பட்டியலில் இடம்பெற்றது. விருது கிடைக்கவில்லை. ஆயினும், இன அழிப்பில் பங்கேற்ற ஒருவனைக் காதல் நாயகனாக்கியதையும், யூதப் பெண்ணின் ஆறுதலைக் கிறித்தவ மறைநூலின் வழியே அமைத்ததையும் கண்டித்து, விமர்சகர் சாரா வெண்டல் சங்கத்துக்குத் திறந்த மடல் எழுதினார். விவாதம் பரவியது.

அவ்விவாதத்தில் போதிய கவனம் பெறாத ஒன்று, மூலக்கதைக்கும் நாவலுக்கும் உள்ள உறவு. பிரெஸ்லின் எடுத்துக்கொண்டது எஸ்தரின் கதை. ஹதாசா என்பது எஸ்தரின் எபிரேயப் பெயர். எஸ்தர் நூலில் அரசன் அகாஸ்வேரு மனந்திரும்புவதில்லை. அவனுக்கு மீட்பும் இல்லை. எபிரேய மூலத்தில் கடவுளின் பெயர்கூட ஓரிடத்திலும் வருவதில்லை. கதையின் உயிர்நாடி அரசனின் உள்ளமன்று. கொலை ஆணையைத் திட்டமிட்ட ஆமானின் குற்றம் வெளிப்பட்டு, அவன் தண்டிக்கப்படுவதே. கணக்குத் தீர்க்கப்படும் கதை அது. பிரெஸ்லின் அரசனின் இருக்கையில் தளபதியை அமர்த்துகிறார். அகாஸ்வேரு ஆணைக்கு முத்திரை கொடுத்தவன். தளபதியோ ஆணையை அன்றாடம் நிறைவேற்றுபவன். ஆமானின் கையாளாக இருக்க வேண்டியவன் அரசனின் ஆடையில் வந்து, அதற்கும் மேலாகக் காதலனாகவும் நிற்கிறான். மூலத்தில் நீதி நின்ற இடத்தைக் காதல் நாவலின் வடிவம் தன் தேவைக்காக எடுத்துக்கொண்டுவிட்டது.

வரலாற்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இடைவெளி இன்னும் தெளிவாகும். தெரேசியன்ஸ்டாட்டுக்கு ஏறத்தாழ 1,40,000 யூதர்கள் கொண்டுவரப்பட்டனர். ஏறத்தாழ 33,000 பேர் அங்கேயே இறந்தனர். 90,000 பேருக்கு அண்மையானோர் கிழக்கே கொலைமுகாம்களுக்கும் பிற இடங்களுக்கும் அனுப்பப்பட்டனர். 1944 செப்டம்பர் இறுதிக்கும் அக்டோபர் இறுதிக்கும் இடையில் மட்டும் ஏறத்தாழ 18,000 பேர் ஆஷ்விட்சுக்கு ஏற்றப்பட்டனர். அக்காலத்தில் தளபதியாக இருந்த கார்ல் ராம், 1947இல் செக்கோஸ்லோவாக்கியாவில் விசாரிக்கப்பட்டுத் தூக்கிலிடப்பட்டார். அவருக்கு முந்தைய தளபதி அன்டோன் பர்கர் காவலிலிருந்து தப்பி, பொய்ப்பெயரில் ஜெர்மனியில் வாழ்ந்து 1991இல் இறந்தார். கணக்கு ஒப்புவித்த ஒருவரும், ஒப்புவிக்காமலே போன ஒருவரும் உண்மையில் இருந்தனர். கற்பனைத் தளபதி மூன்றாம் வழியில் செல்கிறான்: மனம் மாறுகிறான், மணம் பெறுகிறான்.

இதற்குக் கிறித்தவ மன்னிப்புக் கொள்கையே காரணம் என்று கூறுவது எளிது, ஆனால் பொருந்தாது. பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வந்தவன், தன் சகோதரனுக்குத் தன்மேல் குறை உண்டென நினைவுகூர்ந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனோடு ஒப்புரவாக வேண்டும் என்கிறது மத்தேயு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரம். லூக்காவில் வரும் சகேயு, மனந்திரும்பியதும் தான் ஏய்த்துப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகக் கூறுகிறான். ஹதாசாவின் சமய மரபிலும், மனிதனுக்கும் மனிதனுக்கும் இடைப்பட்ட பாவத்தைப் பாவநிவாரண நாள் போக்காது, தீங்குற்றவரைத் தணிவித்தாக வேண்டும் என்று மிஷ்னாவின் யோமா பகுதி விதிக்கிறது. இரு சமயங்களின் நூல்களும் தீங்குற்றவரிடம் போகச் சொல்கின்றன. நாவல்தான் போகவில்லை.

1890 டிசம்பர் 29

கேரன் வைட்மையரின் ‘அட் லவ்ஸ் கமாண்ட்’ (2020) நாவலும் பெத்தனி ஹவுஸ் வெளியீடே. அது வூண்டட் நீ படுகொலையுடன் தொடங்குகிறது. 1890 டிசம்பர் 29 அன்று அமெரிக்க இராணுவத்தின் ஏழாம் குதிரைப்படை லகோட்டா மக்களைப் பெண்கள், குழந்தைகள் என்று பாராமல் சுட்டுக்கொன்ற நிகழ்வு அது. நாயகன் மேத்யூ ஹேங்கர் அப்படையில் இருந்தவன். கண்டது பொறாமல் தோழர்களுடன் படையை விட்டு விலகி, இனி உயிர்காப்பதே தம் தொழில் என உறுதி கொள்கிறான். கதை டெக்சஸுக்கு நகர்கிறது. ஜோசஃபின் பர்கெட் என்னும் பெண் மருத்துவர், கடத்தப்பட்ட தம் தம்பியை மீட்க அவன் துணையை நாடுகிறார். காதலும் துணிகரச் செயலும் கலந்த நாவல், விறுவிறுப்புக்குக் குறைவில்லை.

2021இல் இந்நாவலுக்குக் காதல் நாவலாசிரியர் சங்கத்தின் விவியன் விருது, சமய அல்லது ஆன்மிகக் கூறுகள் கொண்ட நாவல் என்னும் பிரிவில் அளிக்கப்பட்டது. ரீட்டா விருதுக்கு மாற்றாக வந்த அவ்விருது, சங்கத்தின் நிறுவனருள் ஒருவரான கறுப்பினப் பதிப்பாசிரியர் விவியன் ஸ்டீஃபன்ஸின் பெயரைத் தாங்கியது. எதிர்ப்பு எழுந்ததும் சங்கம் முதலில் ஒரு விளக்கம் தந்தது: இவ்வகைமைக்கு மீட்பு என்பது மரபு விதி, மனித வழிகளால் மீள முடியாத பாத்திரம் ஆன்மிக விழிப்பின் வழியாக மட்டுமே மீட்புப் பெறும் என்பது அதன் சாரம். சில நாள்களில் விருதே திரும்பப் பெறப்பட்டது.

திரும்பப் பெற்ற செய்தியைக் காட்டிலும் அந்த முதல் விளக்கமே திறனாய்வுக்குப் பயன் மிக்கது. வகைமையின் உள்ளிருந்து வந்த, ஒளிவுமறைவற்ற வடிவ வரையறை அது. அதன்படி குற்றத்தின் அளவு பொருட்டன்று. சொல்லப்போனால், குற்றம் பெரிதாகும்தோறும் கிருபையின் ஒளியும் கூடும். வூண்டட் நீ அங்கு வரலாற்று நிகழ்வாக இடம்பெறவில்லை. நாயகனின் ‘தடை’யாக இடம்பெறுகிறது. நூற்றுக்கணக்கானோரின் சாவு ஒருவனுடைய உள்ளத்துக் காயமாகச் சுருக்கப்படுகிறது. காயம் என்று ஆகிவிட்டால் அதற்கு வேண்டியது மருந்து. கதைநாயகி மருத்துவராக இருப்பது தற்செயலன்று. லகோட்டா மக்கள் கதையின் மையத்துக்கு மீண்டும் வருவதில்லை. வந்தால், அவன் சென்று நிற்க வேண்டிய இடம் வேறாகிவிடும்; திருமணம் தள்ளிப்போகும்; நாவல் தன் வகைமையை இழக்கும்.

பிரெஸ்லினும் வைட்மையரும் தீய நோக்குடன் எழுதினர் என்று கூறுவதற்கில்லை. ஓக் உருவாக்கிய, இழைத்தவரற்ற உலகின் வடிவத்தை, இழைத்தவர் நிறைந்த உலகுக்கு அவர்கள் கொண்டுசென்றனர். இருவரைச் சுற்றிப் பின்னப்பட்ட சட்டகத்துக்குள் மூன்றாமவராகக் கடவுளுக்கு இடமுண்டு. நான்காமவராகத் தீங்குற்றவருக்கு இடமில்லை.

இறந்தவர் சார்பில் பேசுதல்

துப்பறியும் கதையின் சட்டகம் வேறு. கவிஞர் டபிள்யூ. எச். ஆடன் 1948இல் எழுதிய ‘தி கில்ட்டி விகாரேஜ்’ கட்டுரையில் கொலைக்குள்ள தனித்தன்மையைச் சுட்டுகிறார். பிற குற்றங்களில் தீங்குற்றவர் எஞ்சியிருப்பார். அவர் ஈடு கேட்கலாம், மன்னிக்கவும் செய்யலாம். கொலையோ தீங்குற்றவரையே இல்லாமலாக்கிவிடுகிறது. ஆகவே சமூகம் அவர் இடத்தில் நின்று, அவர் சார்பில் பேச வேண்டியதாகிறது. ஆடனின் கட்டுரையில் நான் ஏற்க இயலாத கூறுகள் உண்டு. துப்பறியும் கதையின் வாசகர் அனைவரும் குற்றவுணர்வால் உந்தப்படுவோர் என்பது மிகைக்கூற்று. ஆனால் இக்கருத்து ஆழமானது. துப்பறியும் கதையின் முதற்பக்கத்தில் ஓர் உடல் கிடக்கிறது. கடைசிப் பக்கம்வரை அது மறக்கப்படுவதில்லை. காதல் நாவலால் தர முடியாத நான்காம் இடம் இங்கு வடிவத்தின் அடித்தளமாகவே அமைந்துவிடுகிறது.

செஸ்டர்டனின் பாதிரியார் பிரவுன் கதைகள் இதனை நன்குணர்ந்தவை. ‘தி இன்னொசென்ஸ் ஆஃப் ஃபாதர் பிரவுன்’ (1911) தொகுப்பிலுள்ள ‘தி ஃபிளையிங் ஸ்டார்ஸ்’ கதையில், வைரங்களைத் திருடிய ஃபிளாம்போ இரவில் மரத்தின்மேல் ஒளிந்திருக்கிறான். பாதிரியார் கீழே நின்று பேசுகிறார். அவர் பேச்சு நரகத்தைப் பற்றியது அன்று. பழி ஒரு நிரபராதி இளைஞன்மேல் விழப்போகிறது என்பதை அவர் எடுத்துக்காட்டுகிறார். வைரங்கள் மரத்திலிருந்து கீழே விழுகின்றன. ஃபிளாம்போவின் திருட்டு வாழ்க்கை அன்றோடு முடிகிறது. பொருள் திரும்புவதும் மனம் திரும்புவதும் அங்கு ஒரே செயல். அதே தொகுப்பின் ‘தி ஹாமர் ஆஃப் காட்’ கதையில் கொலையாளி ஒரு மதகுரு. உண்மையைக் கண்டறிந்த பாதிரியார் அவனைக் காட்டிக்கொடுப்பதில்லை. அடுத்த அடியை அவனிடமே விட்டுவிடுகிறார். அவன் கோபுரத்திலிருந்து இறங்கிச் சென்று, காவல் அதிகாரியிடம் தன் குற்றத்தைத் தானே கூறுகிறான். கிருபை அவனைச் சட்டத்திலிருந்து தப்புவிக்கவில்லை. சட்டத்தின் முன் சென்று நிற்கும் வலிமையைத் தந்தது.

சிலப்பதிகாரத்தில் பழகிய நமக்கு இத்தருக்கம் புதிதன்று. தன் தீர்ப்பின் பிழையை உணர்ந்த பாண்டியன் வருந்தி அழுது அரியணையில் தொடர்வதில்லை. உணர்ந்த அக்கணமே உயிர் துறக்கிறான். அவ்வுணர்தல் உண்மையானது என்பதற்கு வேறு சான்று அங்குக் கேட்கப்படுவதில்லை.

காதலும் துப்பறிதலும் இணைந்த நாவலில் இவ்விரு சட்டகங்களும் மோத வேண்டும் அன்றோ? டீ ஹெண்டர்சனின் ‘தி நெகோஷியேட்டர்’ (2000) இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கேட் ஓமாலி சிகாகோ காவல்துறையில் பிணைக்கைதிகளை மீட்கப் பேச்சு நடத்துபவள்; விசுவாசி அல்லள். எஃப்.பி.ஐ. அதிகாரி டேவ் ரிச்மன் விசுவாசி. அவள் விசுவாசத்துக்கு வராமல் அவளை மணக்க இயலாத நிலையில் இருப்பவன். கேட்டின் தொழிலே இக்கட்டுரையின் கேள்வியைச் சுமந்து நிற்கிறது: குற்றம் இழைத்துக்கொண்டிருப்பவனிடம் பரிவோடு பேச வேண்டும், அதே வேளையில் அவனைச் சட்டத்திடம் ஒப்படைக்கவும் வேண்டும். இதனைவிடப் பொருத்தமான தொழிலை ஒரு கிறித்தவ நாவலாசிரியர் தேர்ந்திருக்க முடியாது. ஆயினும் மோதல் நிகழ்வதில்லை. இவ்வகை நாவல் வேலையைப் பங்கிட்டுக்கொள்கிறது: காதல் இழையில் வருவோருக்குக் கிருபை; குற்ற இழையில் வருவோருக்குச் சட்டம். நாயகியின் ஐயங்கள் தீர்கின்றன. குற்றவாளியின் திட்டம் முறியடிக்கப்படுகிறது. ஒன்று மற்றொன்றைத் தொடுவதில்லை. அறக்குழப்பம் எழாததால் வாசகருக்கு நிறைவு உண்டு. எனினும் அந்நிறைவு சற்று மலிவாகவே கிடைக்கிறது. வைட்மையரின் நாவலைக் கண்டித்தோர் இவ்வகை நாவலைக் கண்டிக்கவில்லை என்பதையும் கருத வேண்டும். கிருபையைத் தவறானவருக்கு அளித்தது அங்கே குற்றமாயிற்று. நல்லவருக்கு மட்டும் அளிப்பது இங்கே எவர் கண்ணையும் உறுத்தவில்லை.

மன்னிக்க மறுப்போர்

இவ்வாய்வின் நிலைப்பாட்டுக்கு எதிரான வலிமையான வாதத்தையும் செஸ்டர்டனே எழுதியிருக்கிறார். ‘தி சீக்ரெட் ஆஃப் ஃபாதர் பிரவுன்’ (1927) தொகுப்பிலுள்ள ‘தி சீஃப் மோர்னர் ஆஃப் மார்ன்’ கதை அது. மார்ன் பிரபு பல்லாண்டுகளாகத் தன் கோட்டையில் அடைபட்டு வாழ்கிறார். இளமையில் ஒரு நேர்மையான துப்பாக்கிப் போட்டியில் உறவினனைக் கொன்ற துயரமே அதற்குக் காரணம் என்று ஊரார் நம்புகின்றனர். துறவியர்தாம் அவரைக் குற்றவுணர்வில் கட்டிவைத்திருக்கின்றனர், அவரை மன்னித்து வெளியே கொணர வேண்டும் என்று பழைய நண்பர்கள் பரிந்து பேசுகின்றனர். பிறகு உண்மை வெளிப்படுகிறது: போட்டி நேர்மையானதன்று. சுடப்பட்டவன்போல் விழுந்து, உதவ ஓடிவந்தவனைச் சுட்டுக்கொன்ற வஞ்சகனே இப்போது பிரபுவாக இருப்பவன். மன்னிப்பை வலியுறுத்தியோர் அக்கணமே அருவருத்து விலகுகின்றனர். தாம் குற்றமெனக் கருதாதவற்றை மட்டுமே அவர்கள் மன்னிக்க அணியமாய் இருந்தனர் என்று பாதிரியார் இடித்துரைக்கிறார்.

2015இலும் 2021இலும் எதிர்ப்புத் தெரிவித்தோரைப் பார்த்தும் இக்கதை அதையே சொல்லக்கூடுமோ? கிருபை என்பது பொறுக்கவொண்ணாத குற்றத்துக்கும் உரியது. இல்லையேல் அது கிருபையன்று. இறையியல் நோக்கில் வைட்மையரின் நாயகனுக்கு மீட்பு மறுக்கப்பட வேண்டியதில்லை, பிரெஸ்லினின் தளபதிக்குங்கூட. இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. தள்ளுவது நேர்மையும் ஆகாது.

ஆனால் செஸ்டர்டனின் கதை தன் குற்றவாளிக்கு எதனைத் தருகிறது, எதனைத் தரவில்லை என்பதைக் காண வேண்டும். கொல்லப்பட்டவன் யார், எவ்வாறு கொல்லப்பட்டான், எந்நிலையில் ஓடிவந்தான் என்பதெல்லாம் கதையில் துல்லியமாகக் கூறப்படுகின்றன. துப்பறியும் கதையாதலால் கூறாமல் முடிக்க வழியில்லை. இறந்தவனின் ஓட்டம் வாசகர் கண்முன் மீண்டும் நிகழ்த்தப்பட்ட பிறகுதான் மன்னிப்பு என்னும் பேச்சே அங்குப் பொருள் பெறுகிறது. மார்ன் பிரபுவுக்குப் பாவமன்னிப்பு உண்டு. புதுவாழ்வு இல்லை, மாலையும் மணமும் இல்லை. பரிந்து பேசியோர் போனபின் அவனருகில் எஞ்சுவோர், அவன் செய்தது இன்னதென்று முழுவதும் அறிந்தவர்கள் மட்டுமே.